கிளிப்புக்குக் கொடி, ரப்பர் பேண்டுக்குக் கம்பு: கழித்துப்போட்ட சாமானில் தலைச் சாமானுக்கு இடம்

காலை ஏழரைக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது ஒரு ரிப்பன் கையில் இருக்கும், அதன் ஜோடி டப்பாவின் அடியில் எங்கோ இருக்கும். பெண் குழந்தை உள்ள பெரும்பாலான வீடுகளில் கிளிப், ஸ்லைடு, ரப்பர் பேண்ட், ரிப்பன், ஹேர்பேண்ட் எல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவில்தான் கிடக்கின்றன. கவிழ்த்தால் ரப்பர் பேண்டுக்குள் ஸ்லைடு, ஸ்லைடில் முடி, முடியில் மாட்டிய கிளட்ச் கிளிப்பின் பல் என்று ஒரே கொத்தாக விழும். இன்னும் பெரிய டப்பா வாங்கினால் கொத்தும் பெரிதாகும், அவ்வளவுதான்.

தலைச் சாமான் ஒவ்வொன்றும் முடியை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கிறது. கிளிப் கடிக்கும், ரப்பர் பேண்ட் சுற்றும், ஹேர்பேண்ட் கவ்வி உட்காரும், கொண்டை ஊசி குத்தி நிற்கும். தலையில் எப்படிப் பிடிக்குமோ அப்படியே பிடித்துக்கொள்ள வெளியிலும் ஓர் இடம் செய்து கொடுத்தால் போதும். செய்ததைச் சோதிக்க ஒரே ஒரு வழி: ஒற்றைக் கையால் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். மற்றக் கையில் பின்னிய சடை இருக்கும், அதை விட முடியாது.

முதலில் கொட்டுங்கள்

பழைய செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். துருப்பிடித்த ஸ்லைடு, முனையில் இருந்த குமிழ் உதிர்ந்த ஸ்லைடு, ஸ்பிரிங் தளர்ந்த கிளட்ச் கிளிப், உள்ளே ரப்பர் இற்றுப்போய்த் துணி மட்டும் சுருங்கிக் கிடக்கும் ரப்பர் பேண்ட், இவை நான்கையும் யோசிக்காமல் கழித்துவிடலாம். குமிழ் போன ஸ்லைடு மண்டையைக் கீறும். துருவேறியது வெள்ளை ரிப்பன் பக்கத்தில் ஒரு மழைக்காலம் கிடந்தால், ரிப்பனில் காவி நிறத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கறை எந்த சோப்புக்கும் போகாது.

மிச்சத்தைக் கழுவ வேண்டும். ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஷாம்பு கலந்து, பிளாஸ்டிக் சாமான்களையும் ரப்பர் பேண்டுகளையும் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து அலசுங்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போவதுதான் இதில் முக்கியம். தேங்காய் எண்ணெய் ரப்பரை ஊறவைத்து வலுவிழக்கச் செய்யும், ஒரே மாதத்தில் பேண்ட் தொளதொளவென்று ஆவதற்குப் பாதிக் காரணம் அதுவே. உலோக சாமான்களை ஊறப்போடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எல்லாம் நிழலில் காயட்டும்.

கிளிப்புக்குப் புடவை பார்டர்

டிக் டாக் கிளிப், பூ ஒட்டிய கிளிப் எல்லாவற்றுக்கும் தொங்கும் பட்டைதான் சரி. கிழிந்த புடவையின் பார்டர், கொஞ்சம் கேன்வாஸ் (தையல்காரர் காலருக்கு வைக்கும் விறைப்புத் துணி), கீழே குறுக்குக் கம்பி உள்ள ஒரு ஹேங்கர், நான்கைந்து பழைய சாவி இருந்தால் போதும்.

பார்டரை 6 செ.மீ. அகலம், 70 செ.மீ. நீளத்துக்கு மூன்று துண்டுகளாக வெட்டுங்கள். இரண்டு நீள ஓரத்தையும் அரை செ.மீ. உள்ளே மடித்து, ஒரு பாதியின் மேல் 2.5 செ.மீ. அகலக் கேன்வாஸை வைத்து, துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து ஓரத்தில் தையல் போடுங்கள். 2.5 செ.மீ. அகலத்தில் விறைப்பான பட்டை கிடைக்கும். இந்த அளவைக் கூட்ட வேண்டாம். பட்டை அகலமாக இருந்தால் கிளிப் அதன் ஓரத்தை மட்டும் கவ்வி, துணியைச் சுருட்டி மடக்கிவிடும். கேன்வாஸ் வைக்காவிட்டாலும் இதே கதிதான்: பத்துக் கிளிப் மாட்டியதும் பட்டை முறுக்கிக்கொண்டு எந்தக் கிளிப் எங்கே என்று தெரியாமல் போகும்.

ஜரிகை பார்டர் பார்க்க அழகு, உழைக்காது. கிளிப்பின் பல்லில் ஜரிகை இழை மாட்டி இரண்டே வாரத்தில் பிசிறு தட்டும். நூல் புடவை அல்லது சின்தெடிக் புடவை பார்டர் எடுங்கள்.

பட்டையின் மேல் நுனி 7 செ.மீ. நீளத்தை ஹேங்கர் கம்பியில் சுற்றித் தையுங்கள். கீழ் நுனியை 3 செ.மீ. மேலே மடித்துச் சின்னப் பையாகத் தைத்து, அதில் ஒன்றிரண்டு பழைய சாவியைப் போட்டு வாயை மூடுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தச் சாவியைத்தான். கனம் இல்லாத பட்டையில் ஒரு கிளிப்பை இழுத்தால் பட்டையும் கூடவே வரும். அதைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும், அது சடையில் இருக்கிறது. மூன்று செ.மீ.க்கு ஒரு கிளிப் என்று மாட்டினால், 60 செ.மீ. பட்டைக்கு இருபது. மூன்று பட்டையில் அறுபது கிளிப் நிற்கும். ஜோடிக் கிளிப்புகளை ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டாமல், பட்டையின் இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று எதிரெதிரே மாட்டுங்கள். ஒன்று குறைந்தால் அந்த இடம் பல் விழுந்த வாய் போலக் காட்டிக்கொடுத்துவிடும்.

கிளட்ச் கிளிப் பட்டையில் நிற்காது, அதன் பற்கள் துணியைக் கசக்கும். பட்டைகளுக்கு நடுவே ஹேங்கரின் குறுக்குக் கம்பி வெறுமையாகத்தானே இருக்கிறது, அதிலேயே கவ்வ விடுங்கள். மெல்லிய கம்பியில் கிளிப் முழுக்க மூடி நிற்கும், ஸ்பிரிங்குக்கு வேலை இல்லை. தடித்த கம்பில் மாட்டினால் எப்போதும் பாதி திறந்தே இருந்து ஸ்பிரிங் தளர்ந்துபோகும்.

ஹேங்கர் என்பதால் சுவரில் ஆணி அடிக்க வேண்டியதில்லை, வாடகை வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. ஆனால் வெயில் விழும் ஜன்னல் கம்பியில் மாட்டாதீர்கள், பிளாஸ்டிக் வெளிறி, நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். குழந்தை தானே எடுத்து வைக்க வேண்டுமென்றால் பட்டையின் நடுப்பகுதி தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டு, கிளிப்பைக் கட்டிலில் போட்டுவிட்டாள் என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை.

ஹேர்பேண்டுக்கு பாட்டில் ஊஞ்சல்

ஹேர்பேண்டை டப்பாவில் போட்டால் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும், இழுத்தால் உடையும். அதற்கு வேண்டியது தலையைப் போல உருண்டையான ஒன்று. இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் சுமார் 11 செ.மீ. குறுக்களவு, நீளம் ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல். கிட்டத்தட்ட அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வேண்டாம், ரொம்ப ஒல்லி, பேண்ட் சுழன்று விழும்.

பாட்டிலின் அடிப்பாகத்தில் நடுவே ஒரு துளை, மூடியில் ஒரு துளை போட வேண்டும். அடி நடுவில் பிளாஸ்டிக் மிகத் தடிப்பு, கத்தரிக்கோல் நுனியால் குத்தினால் வழுக்கிக் கையில் ஏறும். ஒரு ஆணியை இடுக்கியில் பிடித்து, அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்துங்கள். உருகி உள்ளே போகும். இது பெரியவர்கள் செய்யும் வேலை.

பாவாடை நாடா இரண்டு மீட்டரை அடித்துளை வழியே விட்டு மூடி வழியே எடுங்கள். நாடா பாட்டிலுக்குள் சுருண்டுகொண்டு வெளியே வராமல் அடம்பிடிக்கும். நுனியில் ஒரு சிறிய நட்டைக் கட்டிக் கவிழ்த்தால் தானாக வாய்க்கு வந்துவிடும். நட்டை அவிழ்த்து, மூடித்துளையில் நாடாவை நுழைத்து மூடியைத் திருகுங்கள். இனி பாட்டிலுக்கு ஒரு கிழிந்த பனியன் அல்லது பழைய டவலைச் சுற்றி ஊசியால் தையல் போடுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் மேல் பேண்ட் நழுவும், துணி இருந்தால் நிற்கும். கழுத்துப் பக்கம் சரிந்து ஒடுங்குகிற இடத்தில் கூடுதலாக இரண்டு சுற்று சுற்றி, மற்ற இடத்தோடு சமமாக்குங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பேண்டும் ஊர்வலமாக மூடிப் பக்கம் போய்ச் சேரும்.

எவ்வளவு துணி சுற்றுவது என்பதற்குக் கணக்கு உண்டு. ஹேர்பேண்டைக் கையில் எடுத்து, விரிக்காமல், உள்பக்கம் எங்கே அதிக அகலமோ அங்கே ஸ்கேல் வைத்து அளங்கள். சுற்றி முடித்த உருளை அதைவிட அரை செ.மீ. குறைவாக இருக்கலாம், கூடவே கூடாது. உருளை பெரிதானால் பேண்ட் நாள் முழுக்க விரிந்தபடியே இருக்கும். சில வாரங்களில் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், அந்த இடத்தில்தான் ஒருநாள் டப்பென்று ஒடியும். சிறுமியின் பேண்டும் பெரியவர்களின் பேண்டும் ஒரே உருளையில் வேண்டுமென்றால், அளவு சிறியதற்குத்தான் எடுக்க வேண்டும்.

நாடாவின் இரு நுனிகளையும் பீரோவுக்குள் இருக்கும் கம்பியில் 25 செ.மீ. இடைவெளி விட்டுத் தனித்தனியே கட்டுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே ஆணியில் மாட்டினால், ஒரு பக்கம் பேண்ட் கூடும்போது ஊஞ்சல் சாய்ந்து எல்லாம் வழிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு ஹேர்பேண்ட் தாராளமாக உட்காரும்.

ரப்பர் பேண்டும் ரிப்பனும் ஒரே ஷூ பெட்டியில்

ரப்பர் பேண்டுக்கு ஒரே சட்டம்: இழுபட்ட நிலையில் வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டில் கழுத்திலும் கதவுக் கைப்பிடியிலும் மாட்டி வைப்பதால்தான் அவை சீக்கிரம் தளர்கின்றன. சமையலறை அலுமினியத் தாள் சுருள் முடிந்ததும் மிஞ்சும் அட்டைக் குழல் சுமார் 3 செ.மீ. குறுக்களவு, 30 செ.மீ. நீளம் இருக்கும். சாதாரண ரப்பர் பேண்ட் அதில் தளர்வாகவே தொங்கும். குழல் கிடைக்காவிட்டால் உடைந்த மாப்பின் கம்பை அறுத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களின் ஷூ வந்த பெட்டி ஒன்று எடுங்கள். அகலம் 18 செ.மீ. என்றால் குழலை 22 செ.மீ.க்கு வெட்டுங்கள், இரு பக்கமும் இரண்டு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெட்டியின் நீள விளிம்புகளில் எதிரெதிரே 3 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்துக்கு ‘ப’வைக் கவிழ்க்காமல் எழுதியது போல வெட்டுங்கள். குழலைக் கிடையாக அந்தப் பள்ளங்களில் உட்காரவைத்தால் ரப்பர் பேண்ட் மாட்டும் கம்பு தயார். ஏழரை செ.மீ. இடைவெளியில் மூன்று கம்பு வைக்கலாம்: பள்ளிக்கூடக் கறுப்பு ஒன்றில், கலர் ஒன்றில், பெரிய ஸ்க்ரஞ்சி கடைசியில். கம்பை அப்படியே தூக்கி எடுத்து, ஒரு பேண்டை உருவிவிட்டுத் திரும்ப வைக்கலாம்.

பள்ளத்தின் அடியில்தான் அட்டை முதலில் கிழியும். வெட்டுவதற்கு முன்பே அந்த இடத்தில் உள்பக்கமாகக் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை ஒட்டிக் காயவைத்து, பிறகு இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள்.

ஒட்டுவது பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். அட்டையோடு அட்டைக்கு ஃபெவிகால் போதும். ஆனால் அதில் தண்ணீர் இருப்பதால், கொழகொழவென்று ஊற்றினால் அட்டை அப்பளம் போல வளையும். பழைய பிரஷால் மெல்லிசாகத் தடவி, மேலே நான்கு புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் ஃபெவிகால் காய்ந்தபின் தோலாக உரிந்து வரும். அங்கே ரப்பர் பசை வேண்டும்: இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிடம் காற்றாட விட்டு, தொட்டால் கையில் ஒட்டாத பதத்தில் அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே அழுத்துபவர்கள்தான் ‘இந்தப் பசை பிடிக்கவே மாட்டேன் என்கிறது’ என்று சொல்பவர்கள். அடுப்புப் பக்கம் வைத்து இந்த வேலை வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும். குளூ கன் வேகமானது, ஆனால் தகரக் கூரைக்கு அடியிலோ வெயில் விழும் சுவரிலோ சித்திரை மாதம் அது இளகி விட்டுக்கொடுக்கும். மைதா பசை வேண்டவே வேண்டாம், கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து வைத்தது போல.

குழல்களை வெட்டியபின் ஒவ்வொன்றிலும் 8 செ.மீ. மிஞ்சியிருக்கும். அதை இரண்டாக வெட்டினால் ரிப்பன் சுற்றும் உருளை. தட்டை அட்டையில் சுற்றிய ரிப்பனில் வரிசையாக மடிப்பு விழும், பூப்போட்டுக் கட்டும்போது அது துருத்திக்கொண்டு தெரியும். உருளையில் அந்தத் தொல்லை இல்லை. ஜோடி ரிப்பன்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே உருளையில் சேர்த்துச் சுற்றுங்கள், அவிழ்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். காலைத் தேடலில் பாதி இதிலேயே தீரும். துவைத்த ரிப்பன் நன்றாகக் காயாமல் சுற்றினால் சிவப்புச் சாயம் பக்கத்தில் உள்ளதில் ஏறும். நுனி பிசிறு விட்டால் எரியும் ஊதுபத்தியால் மெல்லத் தொடுங்கள், பாலியஸ்டர் உருகி அடைத்துக்கொள்ளும். பருத்தி ரிப்பனில் இதைச் செய்தால் கருகும். உருளைகள் பெட்டியின் தரையில், கம்புகளுக்கு அடியில் நிற்கட்டும்.

ஸ்லைடுக்குக் காந்தம், ஊசிக்குக் கொட்டாங்குச்சி

கறுப்பு ஸ்லைடு எஃகு, காந்தத்தில் ஒட்டும். கெட்டுப்போன ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் வட்டமான கறுப்புக் காந்தம் இருக்கும், ரேடியோ ரிப்பேர் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். கப் உடைந்து தனியாகிப்போன சாசரின் அடியில் அதை ரப்பர் பசையால் ஒட்டுங்கள். சாசரில் ஸ்லைடைத் தூக்கிப்போட்டால் பிடித்துக்கொள்ளும், தட்டு கவிழ்ந்தாலும் சிதறாது. பிரிட்ஜில் ஒட்டும் அலங்காரக் காந்தத்துக்கு அந்த வலு கிடையாது.

ஒரு குறை உண்டு. மாதக்கணக்கில் கிடந்தால் ஸ்லைடுகளே காந்தமேறி, ஒன்றை எடுத்தால் ஐந்து கூட வரும். அது பிடிக்காவிட்டால், பெப்பர்மிண்ட் மிட்டாய் வந்த, மூடியில் சிறு வாய் உள்ள பிளாஸ்டிக் டப்பாவே போதும், குலுக்கினால் ஒன்றிரண்டாக விழும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பொத்தான் அளவுச் சின்னக் காந்தங்களை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும்.

கொண்டை ஊசிக்கும் பூ வைக்கும் ஊசிக்கும் குத்தி வைக்க ஓர் இடம் வேண்டும். கண் இல்லாத பாதிக் கொட்டாங்குச்சியை எடுத்து, நாரைச் சுரண்டி, உப்புத்தாளால் வெளிப்பக்கமும் விளிம்பும் தேயுங்கள். அடியில் குலுங்காமல் நிற்க, சோடா மூடி ஒன்றைக் கவிழ்த்து எம்-சீல் வைத்து ஒட்டி ஓர் இரவு விடுங்கள். சின்தெடிக் புடவைத் துணியை விரல் அகலத்துக்கு நறுக்கி, 20 செ.மீ. சதுர ரவிக்கைத் துணியில் மூட்டையாகக் கட்டி உள்ளே அமுக்குங்கள். பஞ்சு வைப்பதுதான் வழக்கம், ஆனால் பஞ்சு ஐப்பசி கார்த்திகை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே பளபளக்கும் ஊசியைப் பிடுங்கினால் உள்ளே இருந்த பாதி காவியாக வரும். மூட்டை கல் போல இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் ஊசிகள் குடை போலச் சாயும்.

கவரிங் செட்டும் சவுரியும்

ஜடைபில்லை, ராக்கொடி, நெற்றிச்சுட்டி, குஞ்சலம் எல்லாம் வருடத்துக்கு நான்கு தடவை வெளியே வருபவை. மேலே சொன்ன எதிலும் இவற்றை வைக்காதீர்கள், முக்கியமாக ரப்பர் பேண்டோடு. ரப்பரில் கந்தகம் கலந்திருக்கிறது, அது வெள்ளியையும் செம்பையும் கறுக்கவைக்கும். கவரிங் நகையைக் கட்டிவைக்க ரப்பர் பேண்டைச் சுற்றி வைப்பவர்களுக்கு, சுற்றிய இடத்தில் மட்டும் ஏன் கறுப்பு வளையம் விழுந்தது என்பதற்கு விடை இதுதான்.

இதற்குக் கல்யாணத் தாம்பூலப் பைகளை எடுத்துக்கொள்ளலாம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியதிலிருந்து துணிப்பைக்குப் பஞ்சமில்லை. ஒரு செட்டுக்கு ஒரு பை. உருப்படி ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் தனியாகச் சுற்றி உள்ளே வையுங்கள், கல் ஒன்றோடொன்று உரசக் கூடாது. வியர்வையையும் சென்ட்டையும் துடைக்காமல் சுற்றினால் துணியால் பயனில்லை. பைகளை, புது பெட்ஷீட் வந்த ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கி, ஷூ பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடுங்கள். அது இல்லையென்றால் நான்கு சாக்பீஸ். சாக்பீஸை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

சவுரியை இந்த உறைக்குள் திணிக்க வேண்டாம், மடித்த இடத்தில் முடி உடையும். சிக்கெடுத்து, எண்ணெய் போக அலசி, முழுக்கக் காய்ந்தபின் தளரப் பின்னி, நுனியை நூலால் கட்டுங்கள். மிச்சமிருக்கும் அட்டைக் குழலில் சுற்றி, வேட்டித் துணியால் மூடி, பாட்டில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் அதே கம்பியில் தொங்கவிடலாம். முடியைத் தின்னும் பூச்சிகள் உண்டு, அதனால் துணிக்குள் ஒரு கைப்பிடி உலர்ந்த வேப்பிலை. பச்சை இலையாகப் போட்டால் அந்த ஈரமே பூசணம் பிடிக்கப் போதும்.